ஸ்டீயரிங் விளக்கு எரிகிறதா? அணைத்தால் மட்டும் போதாது!

காரணத்தைக் கேளுங்கள், புகார் கொடுக்கவும் சட்டம் இருக்கிறது

ஸ்ரீபெரும்புதூர்:-

இரவு ஷிப்ட் முடிந்து வரும் கார் ஒன்று ஒரகடம் கூட்டு ரோட்டில் திரும்புகிறது. திடீரென்று டிரைவர் கண் முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கிறது. முன்னால் கன்டெய்னர் லாரி. பின்னால் கம்பெனி பஸ். "ஐயோ, ஸ்டீயரிங் லாக் ஆயிடுச்சு!" என்று டிரைவர் நடு ரோட்டில் பிரேக்கை மிதிக்கிறார்.

அங்கேதான் ஆபத்து. ஸ்டீயரிங் லாக் ஆகவில்லை. அதற்கு உதவி செய்துகொண்டிருந்த மோட்டார்தான் நின்றுபோனது. பலம் கொடுத்துத் திருப்பினால் வண்டி திரும்பும். இது தெரியாமல் பதறுவதால்தான் விபத்து வருகிறது.

இப்படி ஒரு நிலைமை யாருக்கும் வரலாம். இது பற்றிய விவரம் வருமாறு:-

என்ன விளக்கு இது?

ஸ்டீயரிங் சக்கரம் போல ஒரு படம். பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைந்தால் பயமில்லை. அது வழக்கமான சோதனை. அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோதான் கோளாறு. பல கார்களில் மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் வண்டியை ஓரங்கட்டு என்று அர்த்தம்.

பழைய அம்பாசடர் காலத்தில் டிரைவரின் தோள்பலம்தான் "பவர்". பிறகு ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பவர் ஸ்டீயரிங் வந்தது. இப்போது பெரும்பாலான சின்ன கார்களில் மின்சார மோட்டார். சக்கரத்தை எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் போடுகிறது. மோட்டார் தள்ளிக் கொடுக்கிறது. இந்த மூன்றில் எது முரண்டு பிடித்தாலும் பெட்டி உதவியை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும்.

முதல் சந்தேகம் பேட்டரி

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் இந்த மோட்டார், ஹெட்லைட்டைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பேட்டரி சோர்ந்து கிடந்தாலோ, டெர்மினலில் பச்சை பூத்திருந்தாலோ, ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் செய்யாவிட்டாலோ விளக்கு எரியும். என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து பியூஸ், வயர், கனெக்டர். 2015, 2023 டிசம்பர் மழை வெள்ளத்தை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற காரில் கனெக்டர் பின்கள் மெதுவாகத் துருப்பிடிக்கும். மாதங்கள் கழித்துக்கூட விளக்கு எரியலாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேட்டரி மாற்றிய பிறகு எரிந்தால், சில கார்களில் ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை ஒருமுறை திருப்பினாலே சரியாகிவிடும். நெருக்கடியான இடத்தில் பார்க்கிங் செய்யும்போது ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே பிடித்திருந்தால் மோட்டார் சூடாகி உதவி குறையும். ஆறினால் திரும்பி வரும். ஆயில் வகை ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால் ஆயில் அளவு, பெல்ட், ஹோஸ் ஒழுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

"அழிச்சாச்சு சார்!"

இனிதான் முக்கியமான விஷயம். ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணே, ஸ்டீயரிங் லைட் எரியுது. என்னன்னு பாருங்க."

"ஒண்ணுமில்ல சார். ஸ்கேனர் போட்டு எரரை அழிச்சாச்சு. எடுத்துட்டுப் போங்க."

பணம் கைமாறுகிறது. விளக்கு அணைகிறது. கோளாறு அப்படியே கிடக்கிறது! பத்து நாள் கழித்து வேறு ஏதாவது ரோட்டில் மறுபடியும் எரியும்.

அழிக்கப்பட்டது விளக்கு மட்டுமல்ல, சாட்சியும்தான். கம்ப்யூட்டர் பெட்டியில் பதிவாகியிருந்த கோளாறு எண்தான் எந்தப் பாகம் கெட்டது என்பதற்குத் தடயம். ஒரே மாடல் காரில் நூறு பேருக்கு ஒரே கோளாறு வரலாம். நூறு பேரும் தனித்தனி ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்து அழித்துக்கொண்டு போனால், அது தயாரிப்புக் குறை என்பது யாருக்குத் தெரியும்?

நம்ம ஊர் கார்களும் தப்பவில்லை

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. நாடு முழுவதும் ஓடும் கார்கள் பிறக்கும் இடம் இது. அவற்றிலும் ஸ்டீயரிங் சம்பந்தமாகத் திரும்ப அழைப்பு நடந்திருக்கிறது.

ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட் 800 சி.சி. கார்களில் குறிப்பிட்ட சிலவற்றை 2018 பிப்ரவரியில் கம்பெனியே திரும்ப அழைத்தது. ஸ்டீயரிங் அமைப்பைப் பரிசோதித்து இலவசமாகச் சரிசெய்து தந்தது. அதற்கு முன் 2013-ல், பக்கத்து மறைமலைநகரில் அப்போது இயங்கிய போர்டு ஆலையின் பிகோ, கிளாசிக் கார்கள் சுமார் 1 லட்சத்து 66 ஆயிரம் திரும்ப அழைக்கப்பட்டன. பவர் ஸ்டீயரிங் ஹோஸும் பின்பக்க அச்சுப் பகுதியும் அப்போது பார்க்கப்பட்டன.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மின்சார ஸ்டீயரிங் உதவி திடீரென்று நின்றுபோகும் குறைக்காக 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

கம்பெனி தவறு செய்தது என்று கூச்சல் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. குறையை ஒப்புக்கொண்டு அழைப்பது நல்ல காரியம். அழைக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

2012-ல் கார் கம்பெனிகளின் சங்கம் தானாக ஒரு விதிமுறை வகுத்துக்கொண்டது. அது விருப்பப்பட்டால் செய்யும் காரியம். மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டு, 110-ஏ என்ற பிரிவு வந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. ஒரே மாடல் பற்றிக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் புகார் சேர்ந்தால், மத்திய அரசு விசாரித்து, வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். கம்பெனிக்கு ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம் போடவும் இடமுண்டு. 7 வயதுக்குள் உள்ள வண்டிகள்தான் இந்தக் கணக்கில் வரும். வாகனங்களைப் பரிசோதிக்கும் மத்திய அரசு மையம் ஒன்று ஒரகடத்திலேயே இருக்கிறது.

ஆனால் சட்டம் தானாக நடக்காது. புகார் எண்ணிக்கை சேர்ந்தால்தான் அசையும். மாதச் சம்பளத்தில் தவணை கட்டி கார் வாங்கிய கிளார்க்கும், கடைக்காரரும், வாடகை டிரைவரும் "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிட்டால் அடுத்தவன் கார் அதே ரோட்டில் அதே மாதிரி நிற்கும்.

செய்ய வேண்டியது என்ன?

ஓடும்போது விளக்கு எரிந்தால் பதறாதீர்கள். சக்கரத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடியும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். விளக்கு போய்விட்டாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். சிவப்பு விளக்கு என்றாலோ, சக்கரம் தானாக இழுத்தாலோ ஓட்டாதீர்கள். டோவிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

எரியும் விளக்கை போனில் படம் எடுங்கள். எரரை அழிக்கும் முன் அந்தக் கோளாறு எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்குத் திரும்ப அழைப்பு உண்டா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள். இருந்தால் வேலை இலவசம். இல்லாவிட்டால் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் புகார் பதியுங்கள். வாரண்டி வண்டிக்குக் காசு கேட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது அந்தப் பில்லைத்தான். பத்திரமாக வையுங்கள்!