எண்ணூர்ப் புகையின் கணக்கு

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்து வட சென்னை அனல் மின் நிலையமும் வள்ளூர் அனல் மின் நிலையமும் நிலக்கரியை எரித்து வருகின்றன. அருகே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கின்றன. மணலி மிகக் கடுமையாக மாசுபட்ட பிரதேசமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009-ம் வருஷத்தில் கூறிற்று. பெரிய ஆலை எழுமுன் அதன் புகை எத்திசையில் எவ்வளவு பரவும் என்பதைக் கணக்கிட்டு, அறிக்கை தயாரித்து, பொதுவாக ஜனங்களின் ஆக்ஷேபங்களையும் கேட்பது 2006-ம் வருஷத்து அறிவிக்கை வகுத்த முறை.

முறை நல்லதே. ஆனால் விசாரணைக்கு வரும் மீனவர் கையில் கிடைப்பது என்ன? அச்சிட்ட படம் ஒன்று. அதில் சில வளைகோடுகள். ஒவ்வோர் ஆலையும் தன் புகையை மட்டும் தனியே வரைந்து, ஏற்கெனவே உள்ள மாசுக்குச் சில இடங்களில் எடுத்த அளவைக் கூட்டிவிடுகிறது. ஜனங்களோ எல்லாப் புகையையும் ஒரே மூச்சில் இழுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரையக் கருவி இல்லையென்று சொல்ல இயலாது. ஏர்மாட் என்னும் கணக்கு முறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா 2005-ல் அங்கீகரித்து, மூல நிரலுடன் இலவசமாகவே வழங்குகிறது. விடைகளைப் படமாக்க 2002-ல் தோன்றிய க்யூஜிஐஎஸ் இருக்கிறது. 1982-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தொடங்கிய கிராஸ் மென்பொருளும் பொது உரிமையாகிவிட்டது. ராணுவம் செய்த கருவி மீனவர் குப்பத்துக்கும் உதவுமென்று அன்று யார் எண்ணியிருப்பார்!

மென்பொருள் இலவசமாகிவிட்டால் மாத்திரம் உண்மை வெளிவந்துவிடாது என்பதை நாம் அறிவோம். கக்கும் புகையின் அளவைக் குறைத்துக் கொடுத்தால் படமும் பொய்யே சொல்லும். மேலும் ஏர்மாட், ஒவ்வொரு மணி நேரத்திலும் காற்று மாறாமல் நேரே வீசுவதாகக் கொள்வது. பகலில் கடற்காற்று புகுந்து திசை திருப்பும் எண்ணூரில் இக்குறை அற்பமானதன்று. இதனாலேயே கணக்கைப் பிறரும் போட்டுப் பார்க்க வேண்டுமென்கிறோம்.

ஆகையால் புகைபோக்கியின் இடம், உயரம், புகையின் வெப்பம், வேகம், அளவு, மணிவாரியான காற்று விவரம் ஆகியவற்றை, படமாக அன்றி, கணினியில் ஏற்றத்தக்க கோப்புகளாகவே அறிக்கையுடன் வெளியிடுமாறு சர்க்கார் உத்தரவிட வேண்டும். ஏழை மாணவனும் அவற்றைச் சரிபார்ப்பான். படத் தகவல்கள் ரகசியமென்ற சாக்கும் இனிச் செல்லாது. இந்தியர் படம் தயாரிக்க முன் அனுமதி வேண்டாமென்று மத்திய சர்க்கார் 2021 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. விசாரணைக்கு முப்பது நாட்களுக்கு முன்பாவது இக்கோப்புகள் ஜனங்களுக்குக் கிடைக்க வேண்டும்.