கல்முனைக் கரையோரத்தில் முதியவர்கள் எங்கே நடப்பது?

சென்ற நோன்பு மாதத்தில் ஒருநாள், சுபஹுத் தொழுகை முடிந்து நெடுநேரமாகியும் வாப்பா வீடு வரவில்லை. தேடிப் போனேன். கடற்கரை வீதி முடியும் இடத்தில் நின்று, ஒரு மீனவரிடம் எங்கள் பழைய வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனது. உள்ளே இருந்த இரண்டு கைத்தறிகளும் அதோடு போயின.

மருதமுனையில் பிறந்த பலரைப் போல வாப்பாவுக்கும் நெசவுதான் தொழில். காலால் மிதிக்க வேண்டும், கையால் நாடாவை ஓட்ட வேண்டும், கரைக்கு எத்தனை இழை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சுனாமிக்குப் பின் வீடு கிடைத்தது. தறி போட அதில் இடமில்லை. ஐம்பது வயதில் சும்மா உட்கார்ந்தவருக்கு இப்போது 71.

வயது போனால் மறதி வரும்தானே என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். மருத்துவ உலகம் இப்போது அப்படிச் சொல்வதில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்சியா என்னும் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. உடல் உழைப்பின்மை, நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், மனச்சோர்வு, தனிமை, காது மந்தம் எல்லாம் அதில் உண்டு. வாசித்தபோது எங்கள் தெருவின் முதியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்கள் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தார்கள். ஓராண்டில் அவர்களின் மூளையில் நினைவைப் பதியும் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. நடக்காதவர்களுக்கு அது சுருங்கியது. எல்லா ஆய்வும் இப்படி முடியவில்லை. 2015இல் வெளியான ஆய்வொன்று 1,635 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. அதில் பயிற்சி செய்தவர்களின் சிந்தனைத் திறன் மொத்தத்தில் மற்றவர்களை விட மேம்படவில்லை. ஆகவே, வந்த மறதியை நடை விரட்டிவிடும் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் சீனியையும் பிரஷரையும் தனிமையையும் ஒன்றாகக் குறைக்க, காசில்லாமல் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

போரை அனுபவித்த நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படையினர் 181,093 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். மனவடு நோய் இருந்தவர்களில் ஏழு ஆண்டுகளுக்குள் டிமென்சியா வரும் வாய்ப்பு 10.6 சதவீதம், இல்லாதவர்களில் 6.6 சதவீதம். அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள். நம் முதியவர்கள் ஆயுதங்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் அடங்குவது இந்தக் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுப் பழக்கமாயிற்று. வயலுக்குப் போனவர் திரும்பாத நாட்கள் இரு பக்கத்திலும் உண்டு. வெளியே போவது ஆபத்து என்று அந்தத் தலைமுறையின் உடம்பு கற்றுக்கொண்டது. மிஞ்சியிருந்த கடற்கரையைச் சுனாமி பறித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உம்மா இன்றும் கடல் பக்கம் போகமாட்டார். பிரதான வீதியிலோ நடைபாதை முழுக்கக் கடைச் சாமான்.

ஆண்களுக்காவது ஐந்து நேரமும் பள்ளிவாசலுக்கு நடக்கும் நடை இருந்தது. அதையும் மகன்மாரின் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது. வீட்டிலேயே தொழும் பெண்களுக்கு அதுவும் இல்லை. டொக்டர் நடக்கச் சொன்னார் என்றதும் உம்மா கேட்டார்: "எங்க மகள் நடக்கிற? ரோட்டிலயா? பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

கல்முனையில் அரசியல் என்றால் எல்லைதான். வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019இல் உண்ணாவிரதம், அதை எதிர்த்து மறுபக்கத்தில் சத்தியாக்கிரகம். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட்டம். அவற்றின் நியாயங்களை நான் இங்கே எடைபோடவில்லை. ஆனால் நான் செய்தி சேகரிக்கப் போன எந்த மேடையிலும் முதியவர்கள் நடக்க ஓர் இடம் என்ற பேச்சைக் கேட்டதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையர்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்திருந்தார்கள்.

பெரிய செலவு வேண்டாம். பாடசாலை மைதானத்தைச் சுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் திறந்துவிடலாம், சில நாட்கள் பெண்களுக்கு மட்டும். மைதானச் சாவி அதிபரிடம் இருக்கிறது, தெருவிளக்கு மாநகர சபையிடம், ஒலிபெருக்கி பள்ளிவாசல் நிர்வாகத்திடம்.

இப்போது வாப்பா அஸருக்குப் பின் என்னோடு நடக்கிறார். தறிச் சத்தம் கேட்கும் வீடொன்று வழியில் இன்னும் இருக்கிறது. அங்கே நின்று எட்டிப் பார்த்து, இழை அறுந்திருந்தால் சொல்லிவிட்டுத்தான் வருவார். உம்மா படலை வரைக்கும் வருகிறார்.