கீரைக்கட்டில் காட்டும் சாமர்த்தியம்



20 ரூபாய் கீரைக்கட்டை 15 ரூபாய்க்கு வாங்கியதை நம் குடும்பக் குழுவில் ஒருவர் படத்தோடு போட, கைதட்டல்கள் வரிசையாக விழுந்தன. நான் தட்டவில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இலாபம் நட்டம் படித்தவர்கள் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 14 ரூபாய்க்கு எடுத்த கட்டை 20-க்கு விற்றால் இலாபம் 6 ரூபாய். அதில் 5 ரூபாயைக் குறைக்கிறீர்கள். உங்களுக்கு மிச்சம் விலையில் கால் பங்கு. அந்த அம்மாவுக்குப் போவது இலாபத்தில் ஆறில் ஐந்து பங்கு. மீதி 1 ரூபாயில்தான் ஷேர் ஆட்டோ காசும் சாயங்காலம் வாடிப்போகும் கட்டுகளும் அடங்க வேண்டும். இப்படிக் கடை போடுகிறவர்களில் காலையில் 900 வாங்கிக்கொண்டு இரவு 1000 கட்டுகிறவர்கள் உண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சந்தைப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதில்லை போலும். அந்த 100 ரூபாய் வட்டிக்கு மட்டும் 17 கட்டு விற்க வேண்டும். உங்கள் விலைக்கு விற்றால் 100 கட்டு!

இதே நாம் பெரிய கடையில் வாய் திறப்பதில்லை. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலைதான், அதற்குக் கீழே விற்கத் தடையில்லை. பேரம் பேச நியாயமான இடம் அதுதான். செல்போனில் ஆர்டர் போட்டால் டெலிவரிக்கு ஒன்று, 'ஹேண்ட்லிங்' என்று ஒன்று. அது என்னவென்றுகூடக் கேட்காமல் கட்டுகிறோம்.

"அவங்களும் ஏத்தித்தானே சார் சொல்றாங்க?" என்பீர்கள். சிலர் சொல்கிறார்கள்தான். நாம் குறைப்போம் என்று தெரிந்தே சொல்கிறார்கள். கடைசியில் ஏமாறுவது, பேசத் தெரியாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகும் வயதானவர். சுற்றுலா ஊரில் மூன்று மடங்கு சொல்கிறவரிடம் தாராளமாகப் பேசுங்கள். தினம் பார்க்கிற முகத்திடம் எதற்கு?

மளிகைக்கடை கதை இன்னும் மோசம். சம்பளம் வந்ததும் மொத்தச் சாமானும் சூப்பர் மார்க்கெட்டில், ரொக்கத்துக்கு. மாசக் கடைசியில் அண்ணாச்சி கடையில், நோட்டில் எழுதி. கணக்குத் தீர்க்கும்போது, "1,340-ஐ 1,300-ஆ வச்சுக்குங்க அண்ணாச்சி." வட்டியில்லாமல் கடன் கொடுத்தவரிடமே தள்ளுபடி! சரக்குப் போடுகிற ஏஜென்சிக்காரர் அவரிடம் அப்படி 40 ரூபாயை விட்டுவிட்டுப் போவாரா?

கொசுறு கேட்பதை நான் இதில் சேர்க்கவில்லை. ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கேட்காமலே பைக்குள் போடுகிறவர்கள் அவர்கள்.

மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். கணக்கோடு எழுதுங்கள்.