மாலையோடு நின்றால் போதுமா?

ஏப்ரல் 6 வந்தால் காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் சிலைக்கு மாலை போடுவோம். நல்லதுதான். ஆனால் அதோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

என் பெரியப்பா கெட்டிக்காரர். ஆனாலும் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டார். அன்று கல்லூரி என்றால் வெளியூர்தான். விடுதிச் செலவுக்கு வீட்டில் வழியில்லை. அதே வீட்டிலிருந்து சைக்கிளில் போய் நான் பட்டம் வாங்கினேன். நடுவில் நடந்தது ஒன்றுதான். 1947-ல் அழகப்பர் நம் ஊரிலேயே கல்லூரி தொடங்கினார்.

மில், வியாபாரம் என்று சம்பாதித்த மனிதர் அவர். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். 1957-ல் கண் மூடியபோது அழகப்பருக்கு 48 வயதுகூட நிறையவில்லை. நாமெல்லாம் அவரைவிட எத்தனை வருடம் கூடுதலாக வாழ்ந்துவிட்டோம்!

“அவர் கோடீஸ்வரர், கொடுத்தார். நாம் பென்ஷன்காரர்கள், என்ன செய்ய முடியும்?” என்பார்கள் நண்பர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் தந்த படிப்பால் வந்ததுதானே இந்தப் பென்ஷன்? பழைய மாணவர்கள் ஆளுக்கு ஒரு ஏழைப் பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினாலே போதும். அடுத்த ஏப்ரலில் மாலையோடு போய் நிற்கும்போது மனசு கூசாது.