புத்தக மூட்டைகளை இறக்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் நூலக வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வந்தவர் டிக்கியைத் திறந்து மூன்று சாக்கு மூட்டைகளை இறக்கினார். வீடு மாற்றுகிறார்களாம். "பழைய பேப்பர் கடைக்குப் போட மனசு வரலை சார், நாலு பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். நல்ல மனிதர், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் போன பிறகு நானும் நூலகர் அக்காவும் சாக்கைப் பிரித்தோம். பாடத்திட்டம் மாறுவதற்கு முன்பு அச்சான பத்தாம் வகுப்பு நோட்ஸ், பன்னிரண்டு வருடப் பழைய டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகள், இன்ஜினியரிங் செமஸ்டர் வினாத்தாள் கட்டு ஒன்று, அட்டை போன சோதிட இதழ்கள், 1998ஆம் வருடத்து டைரி. பாதிப் பக்கங்களை ராமபாணம் துளைத்திருந்தது. சாக்கின் அடியில் ஈரம். மூன்று மூட்டையில் அலமாரிக்கு ஏறியவை ஏழே புத்தகங்கள். மீதியை வெயிலில் காயப்போட்டு, தூசி தட்டி, தேறுவது எது தேறாதது எது என்று பார்த்து, தேறாததைக் கட்டிக் கடைக்கு அனுப்ப அக்காவுக்கு இரண்டு மாலைகள் போயின. அந்த இரண்டு மாலையும் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பு நடக்கவில்லை.

ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நூலகம் நடத்துகிறோம் என்று யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் பதில், "எங்க வீட்டுல நிறையப் புக்ஸ் சும்மா கிடக்கு, கொண்டாந்து தர்றேன்" என்பதுதான். வாடகைக்கு ஏதாவது உதவ முடியுமா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். நூலகருக்குச் சம்பளம் என்றால் முகமே மாறிவிடும். புத்தகம் சேர்ந்துவிட்டால் அதுதான் நூலகம், திறந்து மூட சேவை மனப்பான்மை உள்ள யாராவது வருவார்கள், புத்தகம் கொடுத்தால் புண்ணியம், பணம் கொடுத்தால் யாரோ தின்றுவிடுவார்கள் என்ற இந்த எண்ணம் படித்தவர், படிக்காதவர், வசதியுள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரிடமும் இருக்கிறது. இதை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். நம் ஊர்களில் ஆசையோடு தொடங்கிய எத்தனையோ நூலகங்களைப் பூட்டவைத்தது இந்த எண்ணம்தான்.

2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் தொட்ட திட்டம். ஊருக்கு ஊர் நூலகக் கட்டடம் எழுந்தது. அலமாரி வந்தது, நாற்காலி வந்தது, புத்தகமும் வந்தது. பார்த்துக்கொள்பவருக்கு மட்டும் சொற்ப மதிப்பூதியம். கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கட்டடங்கள் பலவற்றைப் பார்த்திருப்பார்கள். சுவரில் பெயர் இருக்கும், கதவில் பூட்டுத் தொங்கும், ஜன்னல் வழியே பார்த்தால் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல்கூட இருக்கும். அங்கே புத்தகத்துக்குக் குறைவில்லை. மாலை ஐந்து மணிக்குச் சாவியோடு வந்து நிற்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கொடை என்றால் என்ன என்று நம் முன்னோர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு விட்ட நிவந்தங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். விளக்கு வைக்க விரும்பியவர் ஒரு விளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைகூப்பிப் போய்விடவில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை ஒரு இடையரிடம் ஒப்படைத்து, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்தார். ஆடு செத்தாலும் மூத்தாலும் குட்டி வந்து கணக்கை நிரப்பும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். விளக்கு ஒரு நாள் செலவு, நெய் என்றைக்கும் உள்ள செலவு என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாம் இன்று நூலகத்துக்கு விளக்கு விளக்காகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நெய் அளக்க ஆளில்லை.

நூலகருக்கு எதற்குச் சம்பளம், எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலைதானே என்று கேட்பவர்கள் ஒரு நாள் மாலை எங்கள் நூலகத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து மணிக்கு அக்கா வந்து கூட்டி, நாளிதழ்களைக் கம்பியில் கோத்து வைப்பார். ஐந்தரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எதுவும் பேசமாட்டாள். அக்காவும் கேட்கமாட்டார். புத்தகத்தின் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். பாதியில் மடிப்பு நின்றிருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே வேறு ஒன்றை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்தப் பெண் அதைப் புரட்டி, இரண்டு பக்கம் நின்றபடியே படித்து, பிறகு உட்காருவாள். இப்படி ஒரு வருடத்தில் அவள் படக்கதையிலிருந்து முழு நாவலுக்கு வந்துவிட்டாள். இந்த வேலையை எந்த அலமாரி செய்யும்?

கூட்டம் குறைந்த பிறகு, கிழிந்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்காருவார். முதுகு பிரிந்ததை ஊசி நூலால் தைத்து, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை தடவி, மேலே கனமான அகராதியை ஏற்றி ராத்திரி முழுக்க அழுத்தி வைப்பார். மயில்துத்தம் இருந்தால் பூச்சி அண்டாது. பைண்டிங் கடையில் வேலை பார்த்த அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்ததாம். போன வருடம் மட்டும் இப்படி நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் மறுபடி அலமாரி ஏறின. மூட்டையில் வந்து சேர்ந்த புத்தகங்களைவிட இது அதிகம்.

இவருக்கு முன்பு ஓய்வுபெற்ற ஒருவர் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டார். மிகுந்த அக்கறை உள்ளவர், அவர் காலில் விழுந்து கும்பிடலாம். ஆனால் அவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது நூலகம் நான்கு மாதம் மூடிக் கிடந்தது. வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வரவேயில்லை. ஒரு தனி மனிதரின் உடம்பையும் நல்ல மனதையும் மட்டும் நம்பி ஒரு பொது நிறுவனத்தை நிறுத்தக் கூடாது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

ஒரு பெரிய நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் போனோம். மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்கள். மூன்று பீரோ நிறையப் புத்தகம் தருகிறோம், பீரோவில் எங்கள் பெயர் இருக்கும், திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க ஆள் வரும் என்றார்கள். பீரோ வேண்டாம், ஒரு வருட வாடகையும் சம்பளமும் கொடுங்கள் என்றோம். நிர்வாகச் செலவுக்குக் கொடுக்க எங்கள் விதியில் இடமில்லை என்று முடித்துவிட்டார்கள். நூலகத்தில் நூலகர் நிர்வாகச் செலவாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை, ஆஸ்பத்திரியில் நர்ஸை யாராவது அப்படிச் சொல்வார்களா?

நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடுகிற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் என்ன செய்தார் என்று பாருங்கள். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. சேர்த்து வைக்க என்று அவர் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் புத்தகத்தோடு வாழ்ந்தவர், தன் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது அதை நூல் வாங்கக் கொடுக்கவில்லை. தன் மனைவி சாரதாவின் பெயரால் நூலகவியலில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தக் கொடுத்தார். 1950களில் ஒரு லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை! அவ்வளவையும் ஒரு பதவிக்காக, அதாவது ஒருவரின் சம்பளத்துக்காகக் கொடுத்தார்.

யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதும் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலானதும் நமக்குத் தெரியும். அது எப்படி எழுந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு. க.மு. செல்லப்பா என்பவர் 1933இல் தன் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து குழு அமைத்துப் பணம் திரட்டினார்கள். 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அன்று அங்கே இருந்தவை 844 நூல்கள்தான். இன்று நம் ஊர்களில் மூட்டை மூட்டையாகச் சேர்த்துவைத்துப் பூட்டியிருக்கிற நூலகங்களில் இதைவிட அதிகமாகவே இருக்கும். அவர்களிடம் இருந்தது வாடகைப் பணமும் திறந்து வைக்க ஒழுங்கும். பிறகு நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்றபோது களியாட்ட விழா நடத்தி, லொத்தர் விற்றுக் காசு சேர்த்தார்கள். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள், சென்னையிலிருந்து கே.எஸ். நரசிம்மனை வைத்துக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டார்கள். 1959இல் கட்டடம் திறந்தது. காசு கேட்க அந்த ஊர் வெட்கப்படவில்லை.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை" என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்து வரியின்மேல் 10 சதவீதம் நூலக வரி இருக்கும். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சுதந்திர இந்தியாவில் முதல் சட்டம். அந்த வரி நூலகங்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, கேட்டே ஆக வேண்டும். ஆனால் மக்கள் நடத்துகிற நூலகமும் அரசு நிதியும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது? பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1945இல் பி.என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைக் கூட்டி அம்பலப்புழையில் சங்கம் தொடங்கினார். இன்று அங்கே 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் நூலக கவுன்சிலில் இணைந்திருக்கின்றன. நூலகம் ஊராருடையது, நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், 1989 சட்டப்படி வசூலாகும் நூலக வரியிலிருந்து மானியமும் நூலகருக்கு உதவித்தொகையும் வருகின்றன. அரசு கொடுக்கிறது என்பதற்காக ஊர் கைவிட்டுவிடவில்லை, ஊர் நடத்துகிறது என்பதற்காக அரசும் விலகிக்கொள்ளவில்லை. எங்கள் நூலகத்துக்கு நூலக வரியில் பங்கு இல்லை. அந்த நாள் வரும்வரை பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைக்க முடியுமா?

எல்லாம் போனில் கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் நூலகம் திட்டம் 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. அங்கே நீங்கள் இலவசமாகத் திறக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் யாரோ ஒருவர் ஸ்கேனர்முன் உட்கார்ந்து புரட்டியிருக்கிறார், அதற்கும் சர்வருக்கும் யாரோ பணம் கட்டியிருக்கிறார். போனில் கிடைப்பதும் காசில்லாமல் கிடைப்பதில்லை.

சேகரிப்பு மட்டும் ஒரு நூலகத்தைக் காப்பாற்றாது என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைவிடச் சான்று வேண்டாம். ஒற்றை ஆளாக ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தவர். 1992இல் அவர் இறந்தபோது அந்தச் சேகரம் சிதறிப் போகவிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக அமைத்து, பட்டியலிடவும் நுண்படம் எடுக்கவும் சம்பளத்துக்கு ஆட்களை வைத்ததால்தான் இன்று நாம் பழைய தமிழ் நூல் ஒன்றைத் தேடிப் போக ஓர் இடம் இருக்கிறது. அவர் சேர்த்ததன் பெருமை இதனால் ஒரு இம்மியும் குறையாது. ஆனால் அதை நம் ஊர்ப் பணம் காப்பாற்றவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

பணம் கொடுத்தால் கணக்கு இருக்குமா என்ற சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். வசூலித்தவர்கள் ஏமாற்றிய கதை எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு மருந்து கணக்கைக் காட்டுவதுதான். எங்கள் நூலகத்தில் மாதா மாதம் முதல் தேதி வரவு செலவை எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். போன மாதக் கணக்கு இது: நூலகர் சம்பளம் 9,000 ரூபாய், வாடகை 5,500, நாளிதழ் வார இதழ் 1,800, கரண்ட் பில் மாதத்துக்குச் சராசரியாக 900, தண்ணீர் கேன், பசை, நூல், விளக்குமாறு எல்லாமாக 600, புதுப் புத்தகம் 3,000. ஆக மொத்தம் 20,800. புதுப் புத்தகத்துக்கு ஒதுக்குகிற அந்த 3,000 ரூபாயில், பிள்ளைகள் நோட்டில் எழுதிவைத்துக் கேட்கிற புத்தகங்களையே வாங்குகிறோம். மூட்டையில் வருவது மற்றவர்கள் வேண்டாம் என்று கழித்த புத்தகம், இது ஒரு வாசகர் வேண்டும் என்று கேட்ட புத்தகம். இரண்டுக்கும் உள்ள தூரம் அலமாரியைப் பார்த்தாலே தெரியும். கேட்டு வாங்கியவை ஒரு நாளும் அலமாரியில் இருப்பதில்லை.

வரவுப் பக்கத்தில் மாதம் நூறு ரூபாய் தருகிறவர்கள் 118 பேர். பூக்கடைக்காரர், இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், சத்துணவு அமைப்பாளர் ஒருவர், வெளியூரில் வேலை பார்க்கும் பழைய வாசகர்கள். மீதியை நாலைந்து பேர் கைப்பொறுப்பில் ஈடுகட்டுகிறோம். இந்த மாதம் அப்படியும் 1,700 ரூபாய் துண்டு விழுந்திருக்கிறது. சம்பளத்தை அஞ்சாம் தேதி கொடுத்துவிட்டோம், வீட்டுக்காரரிடம் வாடகைக்கு ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறோம். சாக்கு மூட்டை கொண்டுவந்தவரின் போன் நம்பரை நன்கொடை நோட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு அவரைக் கூப்பிட்டு, மாதம் நூறு ரூபாய் தரமுடியுமா என்று கேட்கப் போகிறேன். நூற்றுப்பத்தொன்பதாவது ஆளாக அவரும், அவருக்குப் பின்னால் இன்னும் எண்பது பேரும் சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமையும் திறப்போம்.