முஸ்தபாவுக்கு 2 பட்டன் போதும்

சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று உலகத்தில் இரண்டே ஜாதி. பி.காம். படித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது. நான் அதில் ஆயுள் சந்தாதாரன். அந்தத் தகுதியோடு சொல்கிறேன்: வீடியோ கேம் கடைகளில் நாம் பிடுங்காத குறையாக ஆட்டிய அந்த உருண்டைத் தலை ஜாய்ஸ்டிக்கை நீங்களே வீட்டில் செய்துவிடலாம். சால்டரிங் கூட வேண்டாம்.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் தொப்பியோடு ஓடிவந்து எட்டி உதைப்பாரே, முஸ்தபா! கேப்காம் கம்பெனி 1993ல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனசார்ஸ்'. நாலு ஹீரோக்களில் முஸ்தபா கெய்ரோ ஒருவர், அவ்வளவுதான். நம்மவர்கள் காரையும் டைனசாரையும் ஓரம் தள்ளிவிட்டு ஆட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

அவரை இயக்க என்ன தேவை? ஒரு ஸ்டிக், அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். காசு போட்டதாகச் சொல்ல ஒன்று, ஆரம்பிக்க ஒன்று. முடிந்தது கணக்கு. நல்ல கம்பெனிகளின் ரெடிமேட் பெட்டிகளோ 8 பட்டனோடு பல்லைக் காட்டுகின்றன. விலை 10,000 ரூபாயை அநாயாசமாகத் தாண்டுகிறது. மாதக் கடைசியில் அதை வாங்கினால் வீட்டில் யார் யாரை உதைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டிக்கின் வயிற்றைத் திறந்து பார்த்தால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நாலு பக்கமும் நாலு மைக்ரோ சுவிட்ச். இரண்டு ஒன்றாக அமுங்கினால் மூலைத் திசை. ஆக மொத்தம் 8 திசை. ஒரு வேடிக்கை, ஸ்டிக்கை மேலே தள்ளினால் அமுங்குவது கீழ்ப்பக்க சுவிட்ச்! நடுவில் ஊன்றிய கம்பியின் அடிமுனை எதிர்ப்பக்கம்தானே போகும்? ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு என்று கல்லூரியில் சொன்னது இங்கே கண்ணெதிரே நிற்கிறது.

ஸ்டிக்கிலிருந்து 5 கம்பிகள் வரும். திசைக்கு ஒன்று, பொதுவுக்கு ஒன்று. பட்டனுக்கு இரண்டிரண்டு கம்பி. எல்லாம் உள்ளங்கை அளவு யுஎஸ்பி என்கோடர் போர்டில் போய்ச் செருகும். மூன்றும் சேர்ந்து ஒரே செட்டாகக் கிடைக்கின்றன. முஸ்தபாவை மேலே தள்ளினால் பக்கவாட்டில் நடக்கிறாரா? கம்பியைத் தொடாதீர்கள். ஸ்டிக்கைக் கழற்றிக் கால் வட்டம் திருப்பி மாட்டுங்கள், திருந்திவிடுவார்.

இந்த போர்டுக்கு 'ஜீரோ டிலே' என்று பெயர். அது வியாபாரி வைத்த பெயர். கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும். ஆட்டம் விநாடிக்குச் சுமார் 60 படம் காட்டுகிறது. ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி செகண்ட். போட்டிக்குப் போகிற சூரர்களுக்கு அது உயிர்ப் பிரச்னை. அவர்கள் 2021ல் 4 டாலருக்கு அறிமுகமான ராஸ்பெரி பை பிக்கோ போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்கிறார்கள். நீங்களும் நானும் அத்தனை அவசரத்தில் இல்லை.

பெட்டிதான் சூட்சுமம். மெலிந்த தகடு என்றால் அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் பட்டன், கனத்த பிளைவுட் என்றால் நட்டு போட்டு முறுக்கும் பட்டன். மாற்றி வாங்கினால் நிற்காது. துளை 30 மில்லிமீட்டர். கதவுக்குப் பூட்டுப் போடும் ஆசாரிகளிடம் 'ஹோல் சா' இருக்கும், அவர்களிடம் விட்டுவிடுங்கள். மற்றபடி, கடுகளவு சிவப்புக் கல்லைக் கையாலேயே பதித்துக் கோயில் நகை செய்கிற வடசேரியில் இருந்துகொண்டு ஒரு பட்டனை முறுக்கப் பயந்தால் ஊர் மானம் என்ன ஆவது? பெட்டி வழுக்காமலிருக்க அடியில் பழைய ஹவாய் செருப்பை வெட்டி ஒட்டுங்கள்.

வரவு செலவு: செட் 1,850, பிளைவுட்டும் துளைக்கூலியும் 250, திருகாணி 40. ஆக 2,140 ரூபாய். செருப்பு முழுத் தேய்மானம் கண்ட சொத்து, மதிப்பு பூஜ்யம்.

'இதுக்கா இத்தனை பாடு?' என்பீர்கள். எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி. பக்கவாதம் வந்ததில் வலது கை விரல்கள் விரியாது. மொபைல் விளையாட்டெல்லாம் விரல் நுனிக்காரர்களுக்குச் செய்தவை. ஆனால் ஸ்டிக் இடது கைக்கு. பட்டனை முஷ்டியாலேயே குத்தலாம். ஒட்டிக்கிடக்கும் இரண்டு பட்டன்களையும் ஒரு ஜாண் தள்ளி வைத்தேன், தீர்ந்தது. இப்படிப்பட்ட கைகளை நினைத்துத்தான் மைக்ரோசாஃப்ட் 2018ல் பெரிய பெரிய பட்டன்களோடு எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் கொண்டுவந்தது. ரெடிமேட் பெட்டிக்கு நம் கைதான் ஒத்துப்போக வேண்டும். நாமே செய்தால் பெட்டி கைக்கு ஒத்துப்போகும்.

அதே 2018ல் கேப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் 7ஐ ஒரே மூட்டையாக விற்பனைக்கு விட்டது. முஸ்தபா அதில் இல்லை. 1989ன் 'ஃபைனல் ஃபைட்' இருக்கிறது. அதற்கும் 2 பட்டன்தான். காசு கொடுத்து முறையாக வாங்கி, அண்ணாச்சி ஸ்டிக்கிலும் நான் கீபோர்டிலுமாக இறங்கினோம். பத்தாவது நிமிஷம் நான் காலி. அவர் தனியாக ஒரு கும்பலையே புரட்டிக்கொண்டிருந்தார்.

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "லே மக்கா, நல்லாத்தான் இருக்கு. அந்த டி.வி. ரிமோட்டு சனியன் இருக்குல்லா... அதுக்கும் இதே மாதிரி ரெண்டு பெரிய பட்டன் போட்டுத் தாலே. சேனல் மாத்த உங்க மைனியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெக்கமாட்டு இருக்கு."

இந்த ஞாயிறு அதுதான் வேலை.