எதிரி எழுதிய வம்சக் கதை

"உங்கள் கொள்ளுத்தாத்தா என்ன வேலை பார்த்தார்?" போன வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டேன். தோட்டம், ரயில் பாதை, துறைமுகம் எனப் பதில்கள் வந்தன. ஒரு பெரியவர் மட்டும், "அதெல்லாம் எதுக்கும்மா? வெளிய சொல்லிக்கிற மாதிரி இல்ல," என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு உடனே பாஸ்டன் குடும்பம் ஞாபகம் வந்தது. அமெரிக்க நகரம் அல்ல. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய இக்குடும்பத்தின் 15ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் இன்றும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

1459ல் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்ற செல்வந்தர் இறந்தார். அவருடைய சொத்துக்கு இவர்கள் உரிமை கோரினார்கள். பகை மூண்டது. 'இவர்கள் பண்ணையடிமை வம்சம்' என்று எதிரிகள் கிளப்பிவிட்டார்கள். அது வெறும் வசவு இல்லை. அக்காலச் சட்டப்படி பண்ணையடிமையின் சொத்து ஆண்டைக்கே சொந்தம். நிரூபணமானால் எல்லாம் போய்விடும்!

பழைய பத்திரங்களைத் தேடியெடுத்துக் காட்டினார்கள். 1066ல் நார்மானியர் வந்த காலம் முதலே இது கௌரவமான குடி என்று 1466ல் மன்னர் நான்காம் எட்வர்ட் அறிவித்தார்.

ஆனால் எதிரி ஒருவர் எழுதிய குறிப்பும் அழியாமல் இருக்கிறது. அதன்படி, குடும்பத்தின் மூதாதை கிளெமென்ட் பாஸ்டன் ஓர் எளிய உழவர். சேணமில்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து மாவரைக்கப் போவார். மிஞ்சிப்போனால் 120 ஏக்கர் நிலம். மனைவி பண்ணையடிமைப் பெண். மகன் வில்லியமைப் பள்ளிக்கு அனுப்பக் கடன் வாங்கினார். பிறகு சட்டம் படிக்கக் கைகொடுத்தவர், வழக்கறிஞரான தாய்மாமன்! அந்த வில்லியம்தான் 1429ல் நீதிபதியானார்.

வரலாற்று ஆசிரியர்கள் பலரும் மன்னரின் அறிவிப்பைவிட இந்தக் குறிப்பையே உண்மைக்கு நெருக்கமாகக் கருதுகிறார்கள்.

அவமானப்படுத்த எழுதியதுதான். எனக்கோ அதில் வேறொன்று தெரிகிறது. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு அப்பா. அவரைப் பற்றி நாம் இவ்வளவு தெரிந்துகொண்டது, எதிரி எழுதி வைத்ததால்தான். அவர் வீட்டார் 'சொல்லிக்கிற மாதிரி இல்ல' என்று மறைத்துவிட்டார்கள்.

போனை வைத்த அந்த ஐயா இதைப் படித்தால், தயவுசெய்து மறுபடியும் அழையுங்கள். உங்கள் தாத்தாவின் கதையை நீங்களே சொல்லுங்கள்.